கம்பித்தட்டும் கண்ணுக்குத் தெரியாத கம்பியும்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சபைக் குடும்பங்களின் மொட்டை மாடிகளில் நட்சத்திர விளக்கோடு இன்னொரு பொருளும் ஏறிவிடுகிறது. பழைய இரும்புப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, கால்கள் பற்றவைத்து, மேலே ஒரு கம்பித்தட்டைப் பொருத்திய பார்பெக்யூ அடுப்பு அது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது அண்மையில் வந்த விருந்தாளி. கோழியை மஞ்சள் பூசித் தீயில் வாட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கமே. ஆனால் அது தோலிலுள்ள பூமயிர் கருகுவதற்காகச் செய்வது. சமையல் அதற்குப் பிறகுதான் சட்டியில் தொடங்கும். பள்ளிபாளையம் சிக்கன்கூட வாணலியில் பிறந்ததே. இப்போது வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளுக்குத் தணலின்மேல் சுடுவதே சமையலாகிவிட்டது. மேட்டூர் மீனும் அதன்மேல் ஏறுகிறது, பன்னீரும் ஏறுகிறது. அவர்கள் கூடிச் சமைத்துக் கூடி உண்பதைக் காண எனக்கு மகிழ்ச்சியே.

இந்த வாரம் நான் எழுத விரும்புவது அந்த விருந்தைப் பற்றியன்று; விருந்து முடிந்தபின் அந்தக் கம்பித்தட்டை எப்படிக் கழுவுகிறோம் என்பதைப் பற்றி. இதை முன்கூட்டி அறிந்த சபை மூப்பர் ஒருவர், "ஐயா, தியானப் பக்கத்துல பாத்திரம் தேய்க்கறதப் பத்தி எழுதலாமுங்களா?" என்று பணிவோடு கேட்டார். நியாயமான கேள்வி. யாத்திராகமம் 27-ஆம் அதிகாரத்தை அவருக்குத் திறந்து காட்டினேன். தகனபலி பீடத்துக்குரிய பொருள்கள் அங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பணிமுட்டுகளின் பட்டியலில் முதலாவதாக வருவது சாம்பலை எடுப்பதற்கான பாத்திரமே. கரண்டியும் முள்துறடும் அதற்குப் பின்னரே. அடுத்து, வெண்கலத்தில் வலை போலச் செய்யப்பட்ட சல்லடை. அதன் நான்கு மூலைகளிலும் வளையங்கள். சல்லடை என்று நம் தமிழ் வேதாகமம் அழைப்பது, இன்று நம் பிள்ளைகள் கிரில் என்று சொல்லும் பொருளின் உறவினர்தான். லேவியராகமம் 6-ஆம் அதிகாரமோ அதன் சாம்பலை அள்ளும் வேலையை ஓர் ஏவலாளிடம் விடவில்லை. ஆசாரியனே சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு அதைச் செய்யவேண்டும். மூப்பர் படித்துவிட்டுச் சிரித்தார். "அப்படீன்னா எழுதுங்க" என்றார்.

எழுதவேண்டிய காரணம் வேறொன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு நேர்ந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். அவருடைய இசைவோடு, பெயரைத் தவிர்த்து, அதை இங்கே சொல்லுகிறேன். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றிச் செல்பவர் அவர். ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு மாடியிலேயே கோழி சுட்டார்கள். மறுநாள் காலை எச்சில் விழுங்கினாலே தொண்டையின் ஒரு பக்கம் சுருக்கென்று குத்தியது. எலும்புத் துணுக்காயிருக்கும் என்று எண்ணினார். வீட்டார் நாம் எல்லாரும் செய்வதையே செய்தார்கள். மென்று கூழாக்காத வாழைப்பழத் துண்டுகளையும், வெறுஞ்சோற்று உருண்டைகளையும் விழுங்கக் கொடுத்தார்கள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. முதலில் காட்டிய இடத்தில் தொண்டைப்புண் என்று மாத்திரை கிடைத்தது. ஐந்தாம் நாள் கழுத்து வீங்கிக் காய்ச்சலும் கண்டது. அதன்பின்னரே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், "எதில் சுட்டீர்கள், எதைக்கொண்டு அதைத் தேய்த்தீர்கள்?" என்று கேட்டு, சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொண்டைச் சதைக்குள் ஒரு கம்பித் துண்டு இருந்தது.

நான் அவரைப் பார்க்கப் போனபோது பேசமுடியாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "கோழி எலும்பு இல்லீங்க ஐயா. பிரஷ்" என்பதே அதில் இருந்தது. எடுத்த துண்டை மருத்துவர் ஒரு சிறு மருந்துக் குப்பியில் இட்டுக் கொடுத்திருந்தார். நெல்மணியைவிடச் சற்றே நீளம். தலைமயிரைவிடச் சற்றே தடிப்பு. குப்பியை வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் மின்னியது. அவருடைய மனைவி அதை இன்றுவரை அடுக்களை அலமாரியில் வைத்திருக்கிறார்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போனது நாமக்கல்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது திருச்செங்கோடு. எந்தப் பட்டறையை எட்டிப் பார்த்தாலும் மரப்பிடியில் கம்பி மயிர்கள் செருகிய பிரஷ் ஒன்று கிடக்கும். பற்றவைத்த இடத்தின் கசடைத் தட்டியபின் துரு போகத் தேய்ப்பதற்கு அது. அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. பீப்பாய் அடுப்பைச் செய்து தருபவர்களும் பட்டறைப் பிள்ளைகளே ஆதலால், அடுப்போடு பிரஷும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கரி பிடித்துக் கன்னங்கரேலென்று கிடக்கும் தட்டை நான்கு இழுப்பில் வெளுக்கச் செய்துவிடும். தட்டு வெளுத்துவிட்டது என்று நாம் நிம்மதியடைகிற அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இது நம் ஊரோடு நிற்கும் செய்தியுமன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 ஜூலையில் தன் வார அறிக்கையில் இதைப் பற்றி எச்சரித்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே மருத்துவமனைக் குழுமத்துக்கு 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை, கிரில் பிரஷின் கம்பி மயிரை விழுங்கிய 6 பேர் வந்திருந்தனர். சிலருக்குக் கழுத்துச் சதையில் குத்தி விழுங்கமுடியாத வலி; வேறு சிலருக்குக் குடல் துளைபட்டு அவசர அறுவைச் சிகிச்சை. 2016-இல் மிசௌரி பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, 2002 முதல் 2014 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 1,700 பேர் இக்காரணத்தால் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. அவசரப் பிரிவுக்கு வராமல் வேறு மருத்துவர்களிடம் சென்றவர்கள் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. கோடிக்கணக்கானோர் இறைச்சி சுடும் நாட்டில் இது பெரிய எண்ணிக்கையல்ல என்று ஒருவர் சொல்லலாம். அந்தக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தவன் என்பதால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பிரஷை மாற்றினால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய தீங்கு இது.

கம்பி ஏன் உதிர்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. மயிர்கள் ஒவ்வொன்றும் பிடியில் ஒரு துளைக்குள் மடித்துச் செருகப்பட்டவை. சூடான தட்டில் தேய்க்கும்போது அவை காய்கின்றன, பிறகு குளிர்கின்றன, குறுக்குக் கம்பிகளில் இடறி வளைகின்றன, நிமிர்கின்றன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒடிந்த மயிர் கீழே விழுந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் தட்டில் கொழுப்பு பசை போலப் படிந்திருக்கிறது. அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை ஈரமான இறைச்சியை வைத்தவுடன் கொழுப்பு இளகி, கம்பி இறைச்சிக்கு மாறிவிடுகிறது. காரப்பொடி பூசிக் கருகிய கோழித் தொடையின் விளிம்பில் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கண்ணாலும் இயலாது.

காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் கேட்டான். புத்திசாலித்தனமான யோசனைதான். சாதாரண இரும்புக் கம்பியைக் காந்தம் பிடித்துவிடும். ஆனால் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் சேலம் உருக்காலையின் நிழலில் வளர்ந்த நமக்கு, எல்லா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்துக்கு இசையாது என்பது தெரியும். பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் 304 வகையைக் காந்தம் சரிவர இழுப்பதில்லை. பித்தளை மயிரையோ இழுப்பதே இல்லை. ஆகவே காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்பதை வைத்துக்கொண்டு தட்டில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுக்களையில் இட்லிச் சட்டி தேய்க்கும் கம்பி நாரையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது அது சுருள் சுருளாக ஒன்றாய் நிற்கும். நாள்பட்டபின் இழை இழையாகப் பிரியும். கம்பித்தட்டின் மூலையில் இழுத்துத் தேய்த்தால் இன்னும் விரைவாகப் பிரியும்.

தீயே எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தீ இரண்டு அழுக்குகளில் ஒன்றைத்தான் தீர்க்கும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதே உணவகத்தில் உண்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த நாள்களில் நம் ஆலயத்தில் அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்தோம். பிறகு பல மாதங்கள் தாய்மார் கடைக் கோழியை வாங்க அஞ்சி, வீட்டிலேயே சுடுவது நல்லது என்று முடிவு செய்தார்கள். மாடிகளில் அடுப்பு பெருகியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வேகாத கோழியின் நீர் பட்ட தட்டிலும் இடுக்கியிலும் கிருமிகள் தங்கும். அவற்றை நல்ல சூடு கொல்லும். கோழியின் உட்சதை 74 டிகிரி செல்சியஸ் வரை வெந்தால் அச்சமில்லை. பச்சைக் கோழியை எடுத்த இடுக்கியாலேயே வெந்ததை எடுக்காதிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கம்பித் துண்டைத் தணல் ஒன்றும் செய்யாது. எத்தனை முறை தீ மூட்டினாலும் அது அப்படியே இருக்கும். கிருமிக்கு அஞ்சி வீட்டில் சுட்டவர்கள் கம்பிக்கு இரையாகக் கூடாது என்பதே என் கவலை.

இங்கே இன்னொரு சொல். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு தம்பதியரின் பெயரை இந்தப் பக்கத்தில் முன்பும் படித்திருக்கிறீர்கள். 1914-இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளருக்குக் கை அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவரோ, வலி உணர்வு அற்றுப்போனதால், சுட்டதையும் வெட்டியதையும் அறியாமல் அவர்கள் திரும்பத் திரும்பக் காயப்படுவதே காரணம் என்று காட்டினார். வலியை ஒரு காவலாளாகக் காண அவர் கற்றுத் தந்தார். நம் லாரி ஓட்டுநருக்கு அந்தக் காவலாள் முதல் நாளே குரல் கொடுத்தான். சோற்று உருண்டையை விழுங்கி அவன் வாயை அடைக்கப் பார்த்தோம். சுட்ட உணவு உண்டபின் தொண்டையில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால், எதையும் விழுங்கி அதைத் தள்ளிவிட முயலாதீர்கள். தள்ளினால் கூரிய முனை இன்னும் ஆழமாய் இறங்கும். மருத்துவரிடம் போங்கள், கம்பி பிரஷால் தேய்த்த தட்டில் சுட்டது என்ற செய்தியைக் கேட்காமலே சொல்லுங்கள். உண்டபின் வயிற்றில் விடாத வலி வந்தாலும் அப்படியே. உடலில் உலோகம் இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாகாது என்பதால், அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

சரி, கம்பி பிரஷ் வேண்டாம் என்றால் எதைக்கொண்டு தேய்ப்பது? இதற்கு விடை சொன்னவர் நம் ஆலயத்தைப் பெருக்கும் எழுபது வயதுத் தாயார். சென்ற ஆண்டு வாலிபர் கூடுகையின்போது பிள்ளைகள் பட்டறைப் பிரஷை எடுத்து வருவதைக் கண்டு, "ஏங்கண்ணு, அது துருவுக்கு வெச்சதாச்சே, சோத்துக்கு ஆவுமா?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு தென்னந்தோப்பிலிருந்து இரண்டு மட்டையை எடுத்துவந்து நாரைப் பிரித்தார். அன்று அவர் காட்டிய வழியை, சில இடங்களில் என் விளக்கத்தோடு, சொல்லுகிறேன்.

முதல் வேலையைத் தணலிடமே விடவேண்டும். கடைசித் துண்டை எடுத்தபின் தட்டை உடனே இறக்காமல், கங்கின்மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே கிடக்க விடுங்கள். படிந்த கொழுப்பு புகைந்து, காய்ந்து, பொருக்காகிவிடும். பசையைத் தேய்ப்பது கடினம். பொருக்கைத் தட்டினாலே உதிரும். கொழுப்பு தீப்பற்றி எழுந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொதிக்கும் கொழுப்பு தெறித்து முகத்தில் விழும். மூடி இருந்தால் மூடுங்கள். இல்லையேல் தட்டை இடுக்கியால் ஓரத்துக்கு இழுத்துவிட்டால் தானே அடங்கும்.

சூடு ஓரளவு இருக்கும்போதே பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை நீண்ட முள்கரண்டியில் குத்தி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கம்பிகளின்மேல் இழுக்கலாம். அதன் ஈரம் கம்பியில் பட்டுச் சீறி ஆவியாகும்போது பொருக்கு தளர்கிறது. எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும். இதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. தடித்த கரியை வெங்காயம் போக்காது. அதற்கு மரக்கட்டை வேண்டும். வேம்பு, வாகை போன்ற கெட்டியான மரத்தில், உள்ளங்கை அகலத்தில், விளிம்பு சீவிய பலகைத் துண்டு ஒன்று போதும். சூடான கம்பிகளின்மேல் அழுத்தி இழுக்க இழுக்க, கம்பி பட்ட இடங்களில் மரம் கருகிப் பள்ளமாகும். சில நாள்களில் அந்த விளிம்பு உங்கள் தட்டின் கம்பிகளுக்கே அளவெடுத்ததுபோல் ஆகிவிடும். அதன்பின் கம்பியின் மேற்புறமும் பக்கங்களும் ஒரே இழுப்பில் சுத்தமாகும். வண்ணம் பூசிய மரமும் ஒட்டுப்பலகையும் கூடாது. சூட்டில் அவற்றின் வண்ணமும் பசையும் உணவுக்கு வரும்.

தட்டு கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் தேங்காய் நார். நம் பாட்டிமார் வெண்கலப் பானையைத் தேய்த்த அதே நாரும் சாம்பலும் இங்கேயும் உதவும். விறகுச் சாம்பலில் இருக்கும் காரம் கொழுப்போடு சேர்ந்து அதைச் சவர்க்காரமாக மாற்றுகிறது. ஆகவே சாம்பலை வெறும் உரசும் பொடி என்று எண்ணவேண்டாம். அதுவே ஒரு சோப்பு. இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அது நல்லது. அலுமினியத் தட்டை அரித்துவிடும். காரம் தோலையும் எரிக்கும் என்பதால் தேய்த்தவுடன் கையைக் கழுவிவிடுங்கள். சாம்பல் வேண்டாம் என்பவர்கள் வெந்நீரில் பாத்திர சோப்பைக் கரைத்துத் தேய்க்கலாம். நாரின் ஓர் இழை பிரிந்து தட்டில் தங்கினாலும் அடுத்த தீயில் எரிந்துபோகும். கம்பிக்கும் நாருக்கும் உள்ள முழு வேறுபாடும் அதுவே.

கழுவி முடித்தபின், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, தட்டின் இருபுறமும், முக்கியமாகக் கம்பிகள் குறுக்கிடும் மூலைகளில், ஒருமுறை அழுத்தித் துடைத்து, துணியை வெயிலில் விரித்துப் பாருங்கள். பழைய தட்டில் முன்பே கம்பி பிரஷ் போட்டிருந்தால் அது அங்கே தெரியும், துணியில் சிக்கும். அடுத்த முறை தீ மூட்டுவதற்கு முன்னும் இதையே செய்யவேண்டும். இறுதியில் உலர்த்தி, மெல்லியதாய் எண்ணெய் தடவி வைத்தால் இரும்புத் தட்டு துருப்பிடிக்காது. துரு இல்லையென்றால் பிரஷ் தேடும் ஆசையும் வராது.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தட்டை வெளுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். அதனோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் எழும்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். தட்டு எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். கோழிக்கூண்டுக்கு வாங்கிய ஜி.ஐ. வலையில் மிச்சம் இருந்ததை வெட்டி அடுப்பின்மேல் போட்டிருக்கும் வீடுகளை நானே கண்டிருக்கிறேன். கோழிப்பண்ணைகள் நிறைந்த மாவட்டத்தில் அது எளிதாய்க் கிடைக்கிறது. அதன் மேற்பூச்சு துத்தநாகம். 419 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். கரித்தணலின் சூடு அதைத் தாண்டக்கூடியது. ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்த நாளில் இரவு குளிர்காய்ச்சல் வருவதைப் பட்டறைத் தம்பிகள் அறிவார்கள். அந்த வலையை எப்படிக் கழுவுவது என்று கேட்காதீர்கள். கூண்டுக்கே திருப்பிக் கொடுங்கள்.

சாம்பலைப் பற்றி மீண்டும் லேவியராகமத்துக்கு வருகிறேன். ஆசாரியன் சாம்பலை எடுத்து முதலில் பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். பிறகு வேறு உடை உடுத்தி, பாளயத்துக்கு வெளியே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோகிறான். இரண்டு கட்டமாக நடக்கும் வேலை. வேத வல்லுநர்கள் இதற்குப் பரிசுத்தத்தைக் குறித்த விளக்கங்களைத் தருவார்கள். அவை அப்படியே இருக்கட்டும். அடுப்படியில் நின்றவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். மேலே வெண்சாம்பல் மூடியிருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே அதை உடனே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ, தென்னோலை கிடக்கும் மூலையிலோ கொட்டாமல், மூடியுள்ள இரும்புச் சட்டியில் அள்ளி, வெட்டவெளியில் ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டு, நீர் தெளித்துப் பின் அகற்றுங்கள். நல்ல விறகுக் கரியின் சாம்பலாயிருந்தால் வாழைக்கும் தென்னைக்கும் சிறிது போடலாம்.

தணல் இருக்கும் அடுப்பை எக்காரணத்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஜனவரிக் குளிரில் முகாம் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். 2024-இல் கொடைக்கானலில் பார்பெக்யூ சமைத்துவிட்டு, அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் விடியலில் எழவில்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இங்கே பால் பிராண்டு சொன்ன காவலாளும் இல்லை. அது வலிக்காமலே தூக்கத்தில் கொண்டுபோய்விடும்.

இந்த ஆண்டு வாலிபர் ஐக்கியத்தின் கிறிஸ்துமஸ் கூடுகை 27-ஆம் தேதி மாலை ஆலய வளாகத்தில் நடைபெறும். கம்பித்தட்டைக் கழுவும் பொறுப்பைக் கடைசியில் அகப்பட்டவர் தலையில் கட்டும் வழக்கத்தை மாற்றி, இம்முறை பரிமாறுகிறவர்களே அதைச் செய்வது என்று பிள்ளைகள் தீர்மானித்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். காந்தத்தைப் பற்றிக் கேட்ட பட்டறைத் தம்பி, தச்சரிடம் மிஞ்சிய வேப்பம்பலகையில் முப்பது தேய்ப்புக் கட்டைகளைச் சீவிக் கொடுத்திருக்கிறான். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலய அலுவலறையில் அவற்றை வாங்கிக்கொள்ளலாம், விலை இல்லை. வரும்போது வீட்டிலுள்ள பழைய கம்பி பிரஷை எடுத்து வாருங்கள். அவை பட்டறைக்குப் போகும். அங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது.